அந்த ஒரு கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையங்களை நடத்தும் அதிகாரிகளுக்கும், அரசு மருத்துவமனை நரம்பியல் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

என் தம்பி ஐந்து வருடமாக இரவு ஒன்பது மணி மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த அதே மாத்திரைதான். டப்பா குலுங்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று உள்ளே இருக்கும் பஞ்சைக்கூட எறியமாட்டான்.

சென்ற ஆண்டு அவனுக்கு வலிப்பு வந்தது. நரம்பியல் பிரிவில் கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரையை எழுதினார்கள். "வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா?" என்று மருத்துவர் கேட்கத்தான் செய்தார். ஆனால் மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றார்கள். அதில் ஒருவர் எங்கள் தெருக்காரர். தம்பி என் முகத்தைப் பார்த்தான். "இல்லை சார்" என்றான். நானும் வாய் திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் எச்.ஐ.வி. கிருமியின் அளவு, ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அதுவரை ஒவ்வொரு முறையும் 'கண்டறியப்படவில்லை' என்றே வந்தது. "மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை" என்று ஆலோசகர் முடிவுகட்டிவிட்டார். தம்பி பதில் பேசாமல் காலி டப்பாக்களை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தான். அவற்றோடு கார்பமசெபின் அட்டையும் வந்து கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்த செவிலியர் அதன் பெயரைப் படித்துவிட்டு மருத்துவரிடம் ஓடினார். அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. அட்டை விழாமல் இருந்திருந்தால்?

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. கார்பமசெபின், ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன் ஆகிய வலிப்பு மருந்துகள் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுகின்றன. அதனால் டோலுடெக்ராவிர் ரத்தத்தில் தங்க வேண்டிய அளவுக்குத் தங்குவதில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு இதே காரணத்துக்காகத்தான் 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மி.கி. டோலுடெக்ராவிர் தருகிறீர்கள். கார்பமசெபின் சாப்பிடுபவருக்கும் அதே இரண்டாவது வேளைதான் வழி. இல்லையென்றால், இதோடு மோதாத வலிப்பு மாத்திரை லெவெடிராசெட்டம் இருக்கிறது. மருந்தும் கையில், அறிவும் கையில். என் தம்பிதான் பொய்யன் என்ற பெயரோடு அந்த அறையிலிருந்து வெளியே வந்தான்.

சம்மதமில்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கூட்டத்துக்கு நடுவில் கேள்வி கேட்டால் அவன் உண்மையை விட வேண்டும், இல்லையென்றால் மானத்தை விட வேண்டும். மருத்துவமனைச் சுவர் முழுக்க விழிப்புணர்வு வாசகம் எழுதப் பணம் இருக்கிறது. மேசைக்கு முன்னால் ஒரு திரை கட்டப் பணம் இல்லையா? ஒரு நோய்க்கு ஒரு கட்டடம், இன்னொரு நோய்க்கு இன்னொரு கட்டடம். இரண்டுக்கும் நடுவில் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நோயாளி மட்டும்தானா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சிறியதுதான். நரம்பியல் பிரிவில் அந்தக் கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். ஏ.ஆர்.டி. மையத்தில் மாதாமாதம் மாத்திரை கொடுக்கும்போது, வலிப்பு மாத்திரை உண்டா என்று அதையும் தனியாகக் கேளுங்கள். வைரல் லோடு ஏறியிருந்தால், திட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.

தம்பி இப்போது காலை ஒன்பது மணிக்கும் ஒரு டோலுடெக்ராவிர் போடுகிறான். அடுத்த பரிசோதனை வரும் மாதம். முடிவு வாங்க இந்த முறை உள்ளே வரமாட்டேன், வாசலிலேயே நிற்கிறேன் என்கிறான்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா