உயர்கோபுர விளக்கைத் தரையைப் பார்த்துத் திருப்புங்கள்

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முச்சந்தி உயர்கோபுர விளக்கைப் பற்றி மனு கொடுத்தேன், கிராம சபையிலும் பேசினேன். "பார்க்கலாம்" என்றீர்கள். வானத்தைப் படமெடுக்க ஏற்ற பங்குனி அமாவாசை இருட்டும் போய்விட்டது. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

விளக்கே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அதன் வெளிச்சம் வானத்துக்குப் போகாமல் தரையில் விழும்படி செய்யுங்கள்.

என் மொட்டை மாடியில் இருப்பது எட்டு அங்குலத் தொலைநோக்கி. அதில் நான் படமெடுப்பது எம்51 என்ற சுருள் விண்மீன் மண்டலம். சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் ஊரில் அது உச்சிக்கு வராது, வடக்கு வானத்தில் பாதி உயரத்தைச் சற்றுத் தாண்டியதும் இறங்கிவிடும். உங்கள் விளக்கும் எனக்கு நேர் வடக்கே. மணிக்கணக்கில் எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அதன் நடுக்கருவும் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறிய துணை மண்டலமும் இரண்டு பஞ்சு உருண்டைகளாகத் தெரிகின்றன. இரண்டுக்கும் நடுவே ஓடும் சுருள் கையைக் காணோம். 1845இல் வானியலாளர் ரோஸ் பிரபு அயர்லாந்தில் தொலைநோக்கி வழியே பார்த்துக் கையால் வரைந்த சுருள் அது!

"பில்டர் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் உறுப்பினர் ஒருவர். தொலைநோக்கியில் பொருத்தி, குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் தடுக்கும் கண்ணாடி அது. பழைய மஞ்சள் சோடியம் தெருவிளக்குக்கு அது சரி. அந்த மஞ்சள் ஒளி பெரும்பாலும் சில நிறங்களில் அடங்கிவிடும். வெள்ளை எல்இடி எல்லா நிறத்தையும் கொட்டுகிறது. விண்மீன் மண்டலத்தின் ஒளியும் எல்லா நிறமும் கலந்ததுதான். ஒன்றைத் தடுத்தால் மற்றதும் போய்விடும்.

ஏரிக்கரைத் தெருவில் ஒரு விளக்கும் எரிவதில்லை. வேலை முடிந்து வரும் பெண்கள் செல்போன் வெளிச்சத்தில் நடக்கிறார்கள். தெருவை இருட்டில் போட்டுவிட்டு வானத்துக்கு வெளிச்சம் போடவா வரி கட்டுகிறோம்? இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. லடாக்கின் ஹான்லேயில் 2022இல் இருண்ட வானத்துக்கென்றே காப்பகம் அறிவித்தார்கள். நமக்கு மட்டும் ஏன் அதன் அருமை தெரியவில்லை?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். விளக்குகளைத் தரையைப் பார்த்துத் திருப்பி, மேலே தகடு அடித்து மறையுங்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் பாதியை அணைத்தால் போதும். சித்திரை அமாவாசைக்குள் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏரிக்கரைத் தெரு விளக்குகளையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்