அது என்ன மரம் என்று கேட்டீர்களே, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் "சரி, வைக்கட்டுமா" என்று ஒரே நிமிஷத்தில் முடிக்கிற நீங்கள் நாலு பக்கம் எழுதியிருந்ததால் நானும் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் நலம். குளிர் வந்துவிட்டது. அம்மா சொன்னபடி காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறேன். வெயர்ஹவுஸில் ஓவர்டைமைக் குறைத்துவிட்டார்கள். அதுவும் நல்லதுதான், பக்கத்து வீட்டுக் கிழவரின் பட்டறையில் நின்று வேலை பார்க்க நேரம் கிடைக்கிறது.

பாப்பா காட்டிய போட்டோவில் அவர் கையில் இருந்தது கம்பு இல்லை அப்பா, வில். மான் வேட்டைக்கு அவரே செதுக்கியது. "நாண் கட்டாமலே ஏன் லேசாக வளைந்திருக்கிறது, மரம் காயவில்லையா" என்று கேட்டிருந்தீர்கள். போட்டோவிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள்! வளைக்கும்போது உட்பக்க மரம் நசுங்குகிறது. நசுங்கியது முழுசாகத் திரும்பாவிட்டால் நாணைக் கழற்றினாலும் வளைவு தங்கிவிடும். ஓர் அங்குலம் வரை பரவாயில்லை. இரண்டுக்கு மேல் போனால் மரத்தில் ஈரம் இருந்தது, அல்லது அவசரப்பட்டு இழுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அம்மா பயப்பட வேண்டாம். நம் நாட்டில் 1972 சட்டப்படி மானைத் தொட்டால் ஜெயில். இங்கே விஸ்கான்சினில் லைசென்ஸ் வாங்கி, அதற்கான பருவத்தில் வேட்டையாடலாம். வில்லுக்கு செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி ஆரம்பம் வரை. வில்லுக்கென்று தனியாக மான் பருவம் விட்ட முதல் மாநிலமே இதுதானாம், 1934-ல். 1973-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பு முடித்திருந்தால்தான் லைசென்ஸ். கிழவர் அதற்கு முன்னால் பிறந்தவர், அதனால் என் பாடப் புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். மற்றவர்கள் எல்லாம் கப்பி வைத்த வில்லும் கார்பன் அம்பும் வைத்திருக்கிறார்கள். இவர் அதைத் தொடவே மாட்டார். பட்டறையில் ஹீட்டரும் போட மாட்டார், மரம் வெடித்துவிடுமாம். மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறோம்.

மரம் ஓசேஜ் ஆரஞ்சு. டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கத்து மரம். அறுத்ததும் மஞ்சளாக இருக்கும், வெயில் படப்படப் பழுப்பாகிவிடும். கணு இல்லாத ஆறடித் துண்டை ஆப்பு அடித்துத்தான் பிளக்க வேண்டும். ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிவிடும், ஆப்பு நாரோடு போகும். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பிளந்த அன்றே இரண்டு முனையிலும் பசையோ பெயிண்டோ தடவாவிட்டால் முனையிலிருந்து வெடிப்பு உள்ளே ஓடும். பட்டையையும் மேல் வெள்ளையையும் எடுத்துவிட்டு ஒரு வருஷமாவது நிழலில் காய வேண்டும்.

கஷ்டமான வேலை வில்லின் முதுகில்தான், அதாவது மானைப் பார்த்திருக்கும் பக்கத்தில். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே வருஷ வளையம் அறுபடாமல் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடி உள்ள கத்தியால் தன் பக்கம் இழுத்து இழுத்துச் சீவுகிறார். கெட்டியான வளையத்தில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு வளையத்துக்கு நடுவே உள்ள மெல்லிய, துளைத்துளையான அடுக்கில் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்து, தகட்டால் சுரண்டி அந்த அடுக்கை மட்டும் எடுக்க வேண்டும். எங்காவது ஓர் இடத்தில் வளையம் அறுந்தால், முழுசாக இழுக்கும்போது அங்கே சிலாம்பு கிளம்பி வில் இரண்டாகிவிடும். சின்னக் கணு வந்தால் அதைச் சுற்றி மேடாகவே விட்டுவிட வேண்டும், மட்டம் செய்யக்கூடாது. ஹிக்கரி மரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பட்டையை உரித்தால் கீழே இருப்பதே முதுகு. ஆனால் ஈரத்தைக் குடிக்கும், மழைக்காலத்தில் வில் சோம்பிவிடும்.

28 அங்குலம் இழுக்கிற ஆளுக்கு 66 அங்குல நீளம். நடுவில் பிடி நாலு அங்குலம், பிடிக்கு இரண்டு பக்கமும் உள்ள வில்லின் கைகள் ஒன்றரை அங்குல அகலத்தில் தொடங்கி நுனியில் அரை அங்குலமாகக் குறுகும். பிறகு சுவரில் மாட்டி, கயிற்றைக் கப்பி வழியாக இழுத்து, தூரத்தில் நின்று வளைவைப் பார்க்கிறார். வளையாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு அங்கே மட்டும் சுரண்டுவார். சுரண்டியதும் இருபது முப்பது தடவை மெதுவாக இழுத்துவிட்டுத்தான் மறுபடி பார்ப்பார், அதற்குள் பார்த்தால் மரம் பொய் சொல்லும். ஓர் இடம் மட்டும் கீல் போட்ட மாதிரி மடங்கினால் அதைத் தொடவே கூடாது. மற்ற இடமெல்லாம் இளைத்து அதோடு சேர வேண்டும். அதில் வில்லின் பலம் குறைந்துவிடும். சட்டப்படி இழுக்கும் பலம் குறைந்தது 30 பவுண்டு இருக்க வேண்டும், இவர் 50-க்குச் செய்வார்.

அம்புக்கு டாக்வுட் புதர்க் குச்சி. குளிர்காலத்தில் வெட்டிக் கட்டாகக் கட்டிக் காயவைத்து, நெருப்பில் காட்டி நிமிர்த்துவது. வான்கோழி இறகு மூன்று, மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து. இடதும் வலதும் கலந்தால் அம்பு தள்ளாடும். குச்சி வில்லை உரசி வளைந்து போக வேண்டும். அதிக விறைப்பாக இருந்தால் வலக்கைக்காரனுக்கு அம்பு இடப்பக்கம் போய்விடும். முனை இரும்பு, அகலம் சட்டப்படி குறைந்தது எட்டில் ஏழு பங்கு அங்குலம். அம்பு அடித்துக் கொல்வதில்லை, அறுத்துக் கொல்கிறது. மழுங்கிய முனை ரத்தக் குழாயை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போய்விடும். இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டில் வைத்ததும் அது அறுந்தால்தான் அம்பைக் கூட்டில் வைப்பார்.

காட்டில் இருபது கஜத்துக்கு மேல் எய்வதில்லை. அதைத் தாண்டினால் நாண் சத்தத்துக்கே மான் குனிந்து ஓடத் தொடங்கிவிடும், அம்பு வேறு இடத்தில் படும். காற்று மானிடமிருந்து நம் பக்கம் வர வேண்டும். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது லேசாக அப்பால் திரும்பியிருக்க வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால், நுரையீரலில். நேருக்கு நேர் நின்றால் எய்யக் கூடாது. பட்டதும் பின்னால் ஓடக்கூடாது. அரை மணி நேரம் அசையாமல் இருந்து, பிறகு அம்பை எடுத்துப் பார்ப்பார். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், போகலாம். கரும் சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையும் நாற்றமுமாக இருந்தால் குடல், குளிர் ராத்திரியானால் விடியும் வரை விட்டுவிட வேண்டும். துரத்தினால் அது எழுந்து ஓடி, யாருக்கும் கிடைக்காமல் எங்கோ சாகும். அவர் எய்ததைவிட எய்யாமல் விட்டுவந்ததுதான் அதிகம், அதில் அவருக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

கிடைத்த மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிய வேண்டும். 2002-லிருந்து இந்த மாநிலத்து மான்களில் மூளையைத் தின்னும் ஒரு நோய் இருக்கிறது. கழுத்துச் சுரப்பியை எடுத்துக் கொடுத்தால் அரசாங்கமே இலவசமாகச் சோதிக்கிறது, முடிவு வரும் வரை கறியைத் தொடுவதில்லை. விற்கவும் கூடாது, அதனால் எனக்கும் பங்கு வருகிறது. இந்தக் குளிர்காலத்துக்குக் கறிச் செலவே இல்லை. கொழுப்பு இல்லாத கறி, கொஞ்சம் அதிகம் வெந்தால் நார்தான். மிளகு தூக்கலாகப் போட்டு வைத்தேன். சின்ன வெங்காயம் இல்லாமல் குழம்பு குழம்பாக வரவில்லை அம்மா. நீங்கள் வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். ராத்திரி வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் மரச்சீவல். அப்பா வேலை முடிந்து வரும்போது வருகிற அதே வாசனை. உடனே துவைக்க மனசு வரவில்லை.

சரி, அது இருக்கட்டும். பணம் இந்த மாசம் இருபதாம் தேதிக்குப் பிறகுதான் வரும், பேங்கில் ஏதோ தாமதம். சீட்டுக்காரரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். பாப்பா நகையை அடகு வைக்க வேண்டாம். பாப்பாவுக்கு வந்த வரனைப் பற்றி அத்தை சொன்னதை மட்டும் நம்பிவிடாமல், பெரியப்பாவை ஒருமுறை நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வேலை நிரந்தரமா, காண்ட்ராக்டா என்பது தெரிய வேண்டும். மேலத்தெரு சித்தப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றுத் தண்ணீர் உரிமையை எழுதாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வரைவை முதலில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரே எடுத்தீர்களா இல்லையா என்று பாப்பாவை எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுதினால் "பரவாயில்லை" என்றுதான் எழுதுவீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்