பம்பில் கை வைக்கும் முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாரியின் டீசல் அமைப்பில் மாற்றம் செய்து இழுவையைக் கூட்டுவது பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நாமக்கல்லில் முப்பத்தோரு ஆண்டுகள் டீசல் பம்ப் பட்டறை நடத்திவிட்டு இப்போது மகனிடம் ஒப்படைத்திருப்பவன் என்பதால், படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. டீசலை எப்படிக் கூட்டுவது என்று கட்டுரை விரிவாகச் சொல்கிறது. கூட்டிய டீசலை எரிக்கக் காற்று எங்கிருந்து வரும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். இது ஏட்டுக் கணக்கு. சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் கலக்கக் கிடைக்கும் நேரம் மிகமிகச் சொற்பம் என்பதால், நடைமுறையில் அதைவிடக் கணிசமாகக் கூடுதல் காற்று இருந்தால்தான் புகையில்லாமல் எரியும். டீசலை அளந்து சிலிண்டர்களுக்கு அனுப்பும் பழைய வரிசை பம்புகளில், அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்று நிறுத்தும் உச்ச அளவுத் திருகைத் தொழிற்சாலையில் இந்தக் கணக்கை வைத்தே நிறுத்தி, கம்பி கோத்து ஈய சீல் அடித்து அனுப்பினார்கள். அந்த சீலை உடைத்து லேசாகத் திருகினால் இழுவை கொஞ்சம் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. காற்றுக்கு மிஞ்சி ஊற்றும் டீசல் கரும்புகையாகவும் சூடாகவுமே வெளியே போகும் என்பதைத்தான் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

நானும் சீல் உடைத்தவன்தான். 1997 வாக்கில், திம்பம் மலைப்பாதை வழியாக மைசூர்ப் பக்கம் லோடு அடித்துக்கொண்டிருந்த பத்துச் சக்கர வண்டி ஒன்றின் பம்பைக் கழற்றிக்கொண்டு அதன் உரிமையாளர் வந்தார். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி முதல் கியரில் முனகுகிறது என்பது அவர் குறை. அனுமதிக்கப்பட்டதைவிட எத்தனை டன் கூடுதலாக ஏற்றுகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டெஸ்ட் பெஞ்சில் பம்பை ஓடவிட்டு, வரிசையாக நிற்கும் ஆறு கண்ணாடிக் குழாய்களிலும் எண்ணெய் ஒரே மட்டத்தில் ஏறுவதைக் காட்டி, அளவு சரியாகத்தான் இருக்கிறது என்றேன். "இன்னும் ரெண்டு கோடு ஏத்தி உடுங்ணா" என்றார். ஏற்றிவிட்டேன். போதாதென்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் காற்று ஏறும்வரை டீசலை அடக்கிவைக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வையும் பிக்கப்புக்காகக் கட்டிப்போட்டேன். அந்தக் காலத்தில் அது எல்லாப் பட்டறைகளிலும் நடந்த வேலை.

நான்கு மாதம் கழித்து அதே வண்டியின் பிஸ்டன் ஒன்று என் மேசைக்கு வந்தது. தலைப்பகுதியில் நாலணாக் காசு அளவுக்கு அலுமினியம் உருகி ஓட்டையாகியிருந்தது. எரியாத டீசல் சிலிண்டரின் லைனர் சுவரில் வழிந்து, எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கியதால், இன்ஜின் ஆயிலே டீசல் நாற்றம் அடித்தது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி மூன்றைத் தாண்டவே தவித்திருக்கிறது. உரிமையாளர் என்னைத் திட்டவில்லை. ஏற்றச் சொன்னது தான்தான் என்று தலையில் அடித்துக்கொண்டார். கூலி வாங்கியது நான்தானே என்ற உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு.

அதன்பின் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பம்பைக் கூட்டச் சொல்லி யார் வந்தாலும், பம்பைக் கழற்றுவதற்கு முன் வண்டியைப் பார்ப்பேன். அப்படி வந்த ஒரு வண்டி, புறப்பட்டு ஒரு மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு தொப்பூர் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஓரங்கட்டி டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி இழுக்கும். முந்தைய பட்டறையில் பம்ப் இரண்டு முறை ஏற்றப்பட்டிருந்தது, சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில்கள் மாற்றப்பட்டிருந்தன. நான் டேங்க் மூடியைத் திருகியபோது "புஸ்" என்று காற்று உள்ளே பாய்ந்தது. மழைத்தண்ணீர் இறங்கக் கூடாதென்று டிரைவர் மூடிக்கு அடியில் பாலிதீன் தாளை மடித்து வைத்து இறுக்கியிருக்கிறார். காற்றுத் துளை அடைபட்டு, டீசல் குறையக் குறைய டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஃபீட் பம்பால் டீசலை உறிஞ்ச முடியாமல் போயிருக்கிறது. பாலிதீனை எடுத்துப் போட்டுவிட்டு, ஏற்றிவைத்த பம்பைப் பழைய அளவுக்கே இறக்கிக் கொடுத்தேன். இழுவை குறைகிறது என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவை, தொழிற்சாலை கொடுத்த அளவுக்குத் திரும்புவதுதான் என்பது என் அனுபவம். அடைத்த ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு, தேய்ந்த நாசில், மாற்றாமல் விட்ட டீசல் ஃபில்டர் என்று பெரும்பாலும் சில்லறைக் காரணங்களாகவே இருக்கும்.

ஒரே இன்ஜினைத் தொழிற்சாலையே பல குதிரைத்திறன்களில் விற்கிறதே, நாம் கூட்டினால் மட்டும் என்ன தவறு என்று கட்டுரையாளர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் கூடுதல் திறனில் வரும் இன்ஜினின் டர்போ, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ரேடியேட்டர், சில நேரம் பிஸ்டன், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாமே அந்தச் சூட்டுக்கும் முறுக்கத்துக்கும் ஏற்ப மாற்றப்பட்டிருக்கும். அவற்றையெல்லாம் வாங்கி மாட்டுகிறவர் திருகைத் திருகிக்கொள்ளட்டும். செலவைக் கூட்டிப் பார்த்தால் பெரிய வண்டியே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

கட்டுரையின் பிற்பகுதி புதிய வண்டிகளில் மாட்டும் டியூனிங் பெட்டிகளைப் பரிந்துரைக்கிறது. அங்கேதான் எனக்கு உண்மையிலேயே கவலை வந்தது. 2020 ஏப்ரல் முதல் பதிவாகும் பி.எஸ். 6 புகை விதிப்படியான லாரிகள் காமன் ரெயில் வண்டிகள்; எல்லா சிலிண்டருக்குமான டீசலும் ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயில் அழுத்தத்தோடு நிற்கும். பழைய நாசில் 200, 250 பார் அழுத்தத்தில் திறந்தது. இவற்றில் ரெயில் அழுத்தம் 2,000 பார் வரை போகிறது, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் இரண்டு டன். மலிவான பெட்டிகள் பல செய்வது ஒரே காரியம்: ரெயில் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் ஒயரில் நடுவே உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் குறைவாக இருப்பதாக, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.விடம் பொய் சொல்கின்றன. அதை நம்பி ஈ.சி.யு. அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. டீசலைத் தூவும் இன்ஜெக்டருக்குள் சில மைக்ரான் இடைவெளியில் ஓடும் ஊசி அதைத் தாங்கும் காலம் கொஞ்சம்தான். அது சொட்ட ஆரம்பித்த பிறகு, பழைய நாசிலைப் போல நாலு நூறு ரூபாயில் முடிகிற வேலை அன்று.

யூரியாச் செலவை மிச்சப்படுத்தும் பெட்டியைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கிறது. 32.5 சதவீத யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரிப்பதற்காக உள்ள அமைப்பை, தெளிக்காமலே தெளித்ததாகக் காட்டி ஏமாற்றும் பெட்டி அது. இதைச் சிக்கன யோசனையாக வெளியிடலாமா என்பதை ஆசிரியர் குழு யோசித்திருக்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். புகை விதியை மீறியதற்கு 190-ஆம் பிரிவு தனி. பெட்டியை விற்றவர் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்காது.

புகைச் சான்று வாங்கிவிட்டால் போதும் என்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சோதனையில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தியபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்கள்; லோடோடு மலை ஏறும்போது விடும் புகையை அந்தக் கருவி பார்ப்பதில்லை. சோதனைக்கு முந்தின நாள் திருகை இறக்கி, மறுநாள் ஏற்றிக்கொண்டு போனவர்களை என் பட்டறை வாசலிலேயே பார்த்திருக்கிறேன்.

இரண்டு வேண்டுகோள்கள். பம்ப் பட்டறைகள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் வரும் டீசல் அளவை, வேலைக்கு முன்னும் பின்னும், ஒரு தாளில் எழுதி உரிமையாளர் கையில் கொடுக்க வேண்டும். என் மகன் கொடுக்கிறான், ஐந்து நிமிட வேலைதான். அடுத்தது, தங்கள் கட்டுரையாளருக்கு. அவர் மாற்றியமைத்ததாகச் சொல்லும் அந்த லாரிக்கு மாற்றத்துக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம் எத்தனை லிட்டர் டீசல் போட்டார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை டன் ஏற்றினார்கள் என்ற கணக்கைத் தொடரின் அடுத்த பகுதியில் வெளியிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டீசல் பம்ப் பட்டறைக்காரர் ஒருவர்,
நாமக்கல்.