பாடசாலை விட்ட பிறகு – பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

இரண்டாம் தவணை முடிகிறது. தமிழ்த்தினப் போட்டிகளில் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள், விளையாட்டிலும் குறைவில்லை. நூலகத்துக்கு மின்விசிறி தந்த பழைய மாணவர்களுக்கு நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாடசாலை 1.30க்கு விடுகிறது. சில பிள்ளைகளைக் கூட்டிப் போக ஆள் வர இரண்டரை ஆகிறது. காலி வீதி நெரிசல் எனக்கும் தெரியும், நானும் அதில்தான் தினமும் வருகிறேன். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தில் தரம் 10 மாணவர்கள் ஐந்து பேர் வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளத்தில் நின்று செல்ஃபி எடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் ஒருவர் போன் பண்ணிச் சொன்னதால் தெரியவந்தது. அலை இரைச்சலில் ரயில் சத்தம் கிட்ட வரும்வரை காதில் விழாது.

"ஆபத்து என்று தெரியாதா?" என்று கேட்டேன். "தெரியும் சேர்" என்றான் ஒருவன். அவன் சொன்னது பொய்யில்லை. பதின்ம வயதில், மூளையில் பரபரப்பையும் பாராட்டையும் தேடும் பகுதி முந்திக்கொண்டு சூடேறிவிடுகிறது. பின்விளைவை நிறுத்துப் பார்க்கும், நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதியோ முதிர்ந்து முடிய ஏறக்குறைய இருபத்தைந்து வயதுவரை எடுக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் கணினிக் கார் விளையாட்டு ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுக்காரர் தனியாக இருந்ததைவிட அதிகம் துணிந்து ஓட்டினார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. வீட்டில் உங்கள் மகன் சாதுதான். நாலு கூட்டாளிகளோடு நிற்கும்போது அவன் எப்படி என்பது உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குக் கொஞ்சம் தெரியும்.

ஆகவே வரும் திங்கள் முதல் வான் அல்லது பொறுப்பானவர் வராமல் தரம் 11 வரையான எவரும் படலை தாண்ட முடியாது. 2 மணிவரை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதன் பிறகும் ஆள் வராவிட்டால் உங்களை அழைப்பேன். மூன்றாம் முறையும் அழைக்க வேண்டி வந்தால் நீங்கள் என் அறைக்கு வந்துதான் பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டும். இதில் எவருக்கும் விலக்கு இல்லை, சிபாரிசுக் கடிதமும் வேண்டாம்.

வேலைக்கு நடுவே ஓடி வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிப் போகும் தாய்மார் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. பிந்துவதாக இருந்தால் அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பிள்ளைக்கு நூலகத்தில் இடம் இருக்கிறது. மின்விசிறியும் இருக்கிறது.

இப்படிக்கு,
அதிபர்