செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, அன்பார்ந்த அங்கத்தவர்களே,

நுவரெலியா நகரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் மோட்டார் பந்தய ஆர்வலர்களைக் கொண்ட எமது மன்றத்தின் 2025ஆம் ஆண்டறிக்கையை இப்பொதுச்சபையில் சமர்ப்பிக்கின்றேன். மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நடைபெற்றன. வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் தனியாக முன்வைப்பார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, ஆண்டு முழுவதும் எம்மிடையே விவாதிக்கப்பட்ட ஒரு விடயத்துக்கே ஒதுக்கியுள்ளேன். அது எமது மோட்டார் சைக்கிள் திறன் போட்டித் தொடரின் சம்பியனை எவ்வாறு தெரிவு செய்வது என்பதாகும்.

கடந்த பொதுச்சபையில் இளம் அங்கத்தவர்கள் சிலர், முதல் நான்கு இடங்களில் உள்ளவர்களின் புள்ளிகளை இறுதிச் சுற்றுக்கு முன்னர் சமப்படுத்தி, அன்று முந்துபவருக்கே பட்டத்தை வழங்க வேண்டும் எனப் பிரேரித்தனர். முந்தைய தொடரின் சம்பியன் யாரென்பது இரண்டு சுற்றுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டதால் கடைசிப் போட்டிக்கு மைதானத்தில் ஆளே இருக்கவில்லை என்ற அவர்களது மனக்குறை நியாயமானது. இத்தகைய முறை பயன்படுத்தப்பட்ட இடங்களில் அதன் விளைவு என்னவாயிற்று என்று ஆராயுமாறு சபை எமக்குப் பணித்தது.

அமெரிக்காவின் நாஸ்கார் கிண்ணக் கார்ப் பந்தயத் தொடரிலும் விதிமாற்றம் இதே கவலையில்தான் தொடங்கியது. 2003இல் மெற் கென்சத் ஒரேயொரு பந்தயத்தில் மட்டும் வென்று சம்பியனானார். எட்டுப் பந்தயங்களில் வென்ற ரயன் நியூமன் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடத்தையே பெற்றார். அடுத்த ஆண்டு 36 பந்தயங்களில் கடைசிப் பத்தும் தனிக்கட்டமாக்கப்பட்டு, முன்னணி ஓட்டுநர்களின் புள்ளிகள் நெருக்கி அமைக்கப்பட்டன. கர்ட் புஷ் எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். 2011இல் டோனி ஸ்டுவர்ட்டும் கார்ல் எட்வர்ட்சும் சமபுள்ளிகள் பெற, அதிக வெற்றிகளைப் பெற்றிருந்த ஸ்டுவர்ட் சம்பியனானார். பத்துப் பந்தயங்கள் என்ற நீளமே அந்த விறுவிறுப்புக்கு நேர்மையைத் தந்தது என்பது எனது கருத்து.

2014இல்தான் தவறு நிகழ்ந்தது. பதினாறு பேருடன் தொடங்கி, மும்மூன்று பந்தயங்களுக்கு ஒருமுறை நால்வரை வெளியேற்றி, எஞ்சிய நால்வரில் கடைசிப் பந்தயத்தில் முந்துபவரே சம்பியன் என்று விதிக்கப்பட்டது. முதலாண்டிலேயே, ஒரு வெற்றியும் பெறாத அதே ரயன் நியூமன் இறுதிப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். கெவின் ஹாவிக்கை மட்டும் முந்தியிருந்தால் அவரே சம்பியன். வெற்றிக்கு மதிப்பளிப்பதற்காகத் தொடங்கிய மாற்றம், வெற்றியே இல்லாத சம்பியனை உருவாக்கும் விளிம்புக்கு வந்து நின்றது. 2020இல் ஒன்பது பந்தயங்களில் வென்ற ஹாவிக் இறுதி நால்வருக்குள் நுழையாமலே வெளியேறினார்.

2025 இறுதிப் பந்தயத்தை அங்கத்தவர்கள் பலர் ஓர் அங்கத்தவரின் வீட்டில் கூடி, நவம்பர் 3ஆம் திகதி அதிகாலைக் குளிரில் விழித்திருந்து பார்த்தோம். பீனிக்ஸில் டெனி ஹம்லின் 208 சுற்றுகள் முன்னணியில் சென்றார். அறுபது வெற்றிகள் பெற்றும் ஒரு பட்டமேனும் கிடைக்காத அவருக்கு, முடிவதற்கு மூன்று சுற்றுகளே எஞ்சியிருந்தன. அப்போது வேறொருவரின் டயர் பழுதாகி மஞ்சள் கொடி காட்டப்பட, கார்கள் வேகம் குறைத்து ஒன்றாக நெருங்கின. ஹம்லின் நான்கு டயர்களையும் மாற்ற, கைல் லார்சன் இரண்டை மட்டும் மாற்றி ஹம்லினுக்கு முன்னே வந்து, இறுதி நால்வரில் முதலாவதாக முடித்து, அப்பந்தயத்தில் ஒரு சுற்றிலும் முன்னணியில் இருக்காமலே சம்பியனானார். லார்சன் திறமையானவர், விதிப்படியே வென்றார். எனினும் அன்று அந்த அறையில் நிலவிய அமைதியை நான் மறக்கமாட்டேன். பிரேரணையைக் கொண்டுவந்த இளைஞர்களில் இருவர் மறுநாளே தமது ஆதரவை விலக்கிக்கொண்டனர். 2026 ஜனவரியில் நாஸ்காரும் வெளியேற்றுச் சுற்றுகளைக் கைவிட்டு, பத்துப் பந்தயக் கட்டத்துக்குத் திரும்புவதாகவும் வெற்றிக்கான புள்ளிகளை 40இலிருந்து 55ஆக உயர்த்துவதாகவும் அறிவித்தது.

எமது ஊரின் மகாகஸ்தோட்ட மலையேற்ற மோட்டார் பந்தயம் ஒரே நாளில்தான் தீர்மானிக்கப்படுகின்றது எனச் சிலர் வாதிட்டனர். அது அந்த ஒரு நாளுக்குரிய பரிசு என்று முன்பே அறிவிக்கப்பட்ட போட்டி. ஞாயிறு தோறும் கைக்காசு வேலையையும் விட்டுவிட்டு மைதானத்துக்கு வரும் ஒருவரின் ஓராண்டு உழைப்பை ஒரு பிற்பகலுக்குள் அடக்குவது வேறு விடயம்.

இதற்கு எமது அனுபவமே சாட்சி. ஒன்பதாவதும் இறுதியுமான சுற்றை நவம்பர் கடைசி ஞாயிறன்று நடத்தவிருந்தோம். டித்வா புயலினால் மண்சரிவுகள் ஏற்பட்டு வீதிகள் துண்டிக்கப்பட்டன, அச்சுற்று நடைபெறவில்லை. அவ்வாரங்களில் அங்கத்தவர்கள் தமது மோட்டார் சைக்கிள்களில் உலர் உணவுப் பொதிகளைச் சுமந்து, பாதை எஞ்சியிருந்த தூரம் வரை தோட்ட லயன் குடியிருப்புகளுக்குக் கொண்டு சேர்த்தனர். அவர்களுக்கு மன்றத்தின் நன்றியை இங்கு பதிவு செய்கின்றேன். நடந்து முடிந்த எட்டுச் சுற்றுகளின் மொத்தப் புள்ளிகளைக் கொண்டு சம்பியனை எவ்வித சர்ச்சையுமின்றி அறிவிக்க முடிந்தது. பிரேரிக்கப்பட்ட முறை நடைமுறையில் இருந்திருப்பின், எமக்குச் சம்பியனே இருந்திருக்கமாட்டார்.

மோசமான சுற்றுகளைக் கழிக்கும் முறையையும் பரிசீலித்தோம். 1988 போர்முலா வன் தொடரில் சிறந்த பதினொரு பெறுபேறுகளே கணக்கிடப்பட்டதால், மொத்தமாக 105 புள்ளிகள் பெற்ற அலன் புரோஸ்டை, 94 பெற்ற அயர்டன் சென்னா 90க்கு 87 என்ற கணக்கில் வென்றார். பல சுற்றுகளைக் கழித்தால் மொத்தத்தில் முந்தியவரே பின்தள்ளப்படலாம் என்பதை இது காட்டுகின்றது. ஆயினும் மழையாலும் வேலையாலும் வரமுடியாதோருக்காக ஒரேயொரு சுற்றைக் கழிப்பது எமக்குப் பொருந்தும் என்று குழு கருதுகின்றது.

ஆகவே, ஆண்டின் மொத்தப் புள்ளிகளே பட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும், சுற்று வெற்றிக்கான புள்ளிகள் அதிகரிக்கப்பட வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று கழிக்கப்பட வேண்டும், இறுதிச் சுற்று வெற்றியாளருக்குப் பட்டத்துடன் தொடர்பற்ற தனிக் கேடயம் வழங்கப்பட வேண்டும் என்னும் யாப்புத் திருத்தத்தைச் சபையின் வாக்கெடுப்புக்குச் சமர்ப்பிக்கின்றேன்.

செயலாளர்