நந்தியாவட்டைப் புழு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்து மாடி ஏறுகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது.

சரி, உன் நந்தியாவட்டைக்கு வருகிறேன். விரல் தடிமனில் பச்சைப் புழு, வால் பக்கம் சின்னக் கொம்பு, முன்பக்கம் இரண்டு நீலக் கண்கள் என்று எழுதியிருந்தாயே, அது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. தயவுசெய்து மருந்து அடிக்காதே. அந்தக் கொம்பு கொட்டாது, தொட்டால் அரிக்கவும் செய்யாது. நீலக் கண்களும் நிஜக் கண்கள் இல்லை. சீண்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்த இடத்தை உப்பவைத்துக் காட்டும், குருவிகளை மிரட்ட.

எனக்குத் தீராத ஆச்சரியம் அதன் சாப்பாடுதான். அரளியில் இருப்பது இதயத்தையே நிறுத்தக்கூடிய விஷம். ஆடுகூட வாய் வைக்கத் தயங்கும். இது அந்த இலையைத் தின்றே கொழுக்கிறது! நித்தியகல்யாணியையும் விடாது.

அந்துப்பூச்சியைப் பார்த்தால் நீ மயங்கிவிடுவாய். இறக்கை விரித்தால் 9 முதல் 11 சென்டிமீட்டர். பாசி படர்ந்த கல்லைப் போல பச்சைக்குள் பச்சை, நடுவே வெள்ளையும் இளஞ்சிவப்பும் வளைவு வளைவாக ஓடும். அந்தி சாய்ந்ததும் பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலால் தேன் குடிக்கும். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் பரவலாக உண்டு. கோடையில் மத்தியதரைக் கடல் தாண்டி ஐரோப்பாவுக்குள் வெகுதூரம் பறந்துபோகும், ஆனால் அங்குள்ள குளிர்காலத்தைத் தாங்காது. கென்யாவில் பப்பாளிப் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பவை பருந்து அந்துப்பூச்சிகள்தான். உன் கொல்லையிலும் பப்பாளி நிற்கிறதே, அதற்காகவாவது விட்டுவை.

இலை போனால் போகட்டும், நந்தியாவட்டை சீக்கிரமே துளிர்த்துவிடும். அப்புறம் ஒன்று: புழு பழுப்பாக மாறி இறங்கினால், செத்துப்போகிறது என்று நினைத்துவிடாதே. சருகுக்குள் மெல்லிய வலை பின்னிக் கூட்டுப்புழுவாகப் போகிறது. இரண்டு மூன்று வாரம் செடியடியைப் பெருக்காதே, சருகைக் கொளுத்தவும் வேண்டாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் சொல்லிவை.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கௌரி