லாபத்துக்காகப் போனவரா பெனிங்டன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் இங்கிலாந்து உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: ‘ஐசக் பெனிங்டன் லாபக் கணக்குப் போட்டுத்தான் நாடாளுமன்றத்தின் பக்கம் சாய்ந்தார், மன்னரின் மரண ஆணையிலும் கையெழுத்திட்டார்.’ மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த அந்தப் போரின்போது லண்டன் மேயராக இருந்த வணிகர்தான் இந்தப் பெனிங்டன். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பின்பாதி பிழை. 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸை விசாரித்த நீதிமன்றத்துக்கு நீதிபதிகளில் ஒருவராக அவரையும் நியமித்தார்கள், ஆனால் ஆணையில் உள்ள 59 கையெழுத்துகளில் அவருடையது கிடையாது. இது தங்களுக்குத் தெரியாததல்ல, அப்புறம் எப்படி அச்சேறியது?

முன்பாதிதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெகுகாலம் மளிகை மொத்தக் கடை நடத்தியவன் நான். லாபம் மட்டும் பார்க்கிற வியாபாரி சண்டையில் எந்தப் பக்கமும் பேர் கொடுக்க மாட்டான், இரண்டு தரப்புக்கும் நன்கொடை கொடுத்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருப்பான். எங்கள் ஊரில் வரி உயர்வை எதிர்த்து முன்னால் நின்றவர்களின் கடைகளுக்குத்தான் சோதனை வந்தது. அதில் என் கடையும் ஒன்று.

பெனிங்டன் என்ன செய்தார்? லண்டன் மீன் வணிகர் சங்கத்தைச் சேர்ந்தவர், தீவிரமான பியூரிட்டன், அதாவது திருச்சபையில் சடங்கும் படாடோபமும் கூடாது என்ற கிறிஸ்தவப் பிரிவுக்காரர். திருச்சபையில் ஆயர்களின் (பிஷப்புகளின்) ஆட்சியை வேரோடு ஒழிக்கச் சொல்லி சுமார் 15,000 பேர் கையெழுத்திட்ட மனுவை 1640 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்தவர் அவர். 1642 ஆகஸ்டில், மன்னர் பக்கம் நின்ற மேயர் கர்னியைப் பதவி நீக்கியதும் அந்த இடத்துக்கு வந்தார். அவர் காலத்தில்தான் லண்டனைச் சுற்றி 11 மைலுக்கு மண் அரண் எழும்பியது, ஆணும் பெண்ணுமாகப் போய் மண் வெட்டினார்கள். 1643 ஜனவரியில் மன்னரே அவர் பேரைக் குறிப்பிட்டு, துரோகி, பிடித்துக் கொடுங்கள் என்று நகரத்தாரிடம் கேட்டார். கணக்குப் பார்க்கிறவன் அன்றைக்கே ஒதுங்கியிருக்க மாட்டானா?

வணிகர்களுக்கு மன்னர் மேல் கோபம் இருந்தது உண்மை. 1640-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மிளகை 63,000 பவுண்டுக்கு மேல் கடனாக வாங்கி, அதைவிடக் குறைந்த விலைக்கு விற்றுக் காசாக்கியவர் சார்லஸ். அப்படியும் பெரிய கம்பெனிக்காரர்களில் பலர் அவரை விட்டு நகரவில்லை, ஏனென்றால் அவர்களுடைய ஏகபோக உரிமை மன்னராட்சி கொடுத்தது. லாபக் கணக்கு என்றால் அதுதான் ஐயா.

பெனிங்டனை மகான் என்று நான் சொல்லவில்லை. லண்டன் சீப்சைட் தெருவில் நின்ற பழைய சிலுவைச் சின்னத்தை இடித்தது அவர் மேயராக இருந்தபோதுதான், 1645-இல் மன்னர் தரப்புப் பேராயர் லாட் தலை வெட்டப்பட்டபோது லண்டன் கோபுரம் என்ற சிறைக் கோட்டை பெனிங்டன் பொறுப்பில் இருந்தது. அதற்காகத் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் தானே சரணடைந்து, சொத்தையெல்லாம் இழந்து, தான் அதிகாரம் செலுத்திய அதே கோபுரத்தில் கைதியாக 1661-இல் செத்தவரை லாபம் பார்த்தவர் என்று எழுத எப்படி மனம் வந்தது?

இது ஒரு கட்டுரையோடு முடிகிற விஷயமும் இல்லை. உங்கள் இதழில் கதையானாலும் கேலிச்சித்திரமானாலும் வியாபாரி என்றால் பதுக்கல்காரன், கலப்படக்காரன். போன வருஷம் இதைப் பற்றி நான் எழுதிய கடிதம் வரவேயில்லை. சந்தாவை உயர்த்தினீர்கள், மறுபேச்சில்லாமல் கட்டினேன். வாசகர் கடிதங்களுக்கான இடத்தை மட்டும் பாதியாக்கிவிட்டீர்கள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

சரி, கேட்பது இவ்வளவுதான். மரண ஆணை பற்றிய பிழைக்கு அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர், விருதுநகர்